இடக்கை மடிப்பு

வண்டி திரும்பி வந்த விதமே சரியில்லை என்று சின்னக்காவுக்குப் பட்டது. ஆஸ்பத்திரிக்குச் சலவைத் துணி கொண்டுபோகிற வண்டி, திரும்பும்போது அழுக்குத் துணி ஏற்றிக்கொண்டு வரும். மூட்டைகளைக் காலால் உதைத்து இறக்குவது வண்டிக்காரனின் பழக்கம். இன்றைக்கு அவன் யாரையும் கூப்பிடவில்லை, எதையும் உதைக்கவில்லை. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்று பிடரியைச் சொறிந்தான். உள்ளே வெள்ளைக் கட்டுகள். போன வாரம் இங்கிருந்து போன படுக்கை விரிப்புகள்தான். பாதிக்கு மேல் கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை.

"என்ன இதெல்லாம்?"

"எனக்கென்ன தெரியும் சின்னக்கா. ஏத்துன்னாங்க, ஏத்திட்டேன். ஸ்டோர் சார் பின்னாலயே வர்றார்."

அவள் வண்டிக்குள் ஏறி ஒரு கட்டை அவிழ்த்தாள். மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்ததுபோலப் புழுங்கல் வாடை முகத்தில் அடித்தது. மேல் விரிப்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில், யாரோ பேனாவை உதறினதுபோல மடிப்பு நெடுகக் கறுப்புப் புள்ளிகள். ஈரம் காயாமல் மடித்த துணி. அதை அடுக்கி, இறுக்கிக் கட்டி, அலமாரியில் வைத்தால் உள்ளுக்குள்ளேயே வெந்து இப்படித்தான் பூக்கும்.

இன்னொரு கட்டை அவிழ்த்தாள். அதிலும் அப்படியே. அப்போதுதான் மடிப்பைப் பார்த்தாள். பார்த்தவுடன் கட்டைத் திரும்பவும் மூடிவிட்டாள்.

சலவைக்காரர்களுக்கு மடிப்பும் ஒரு கையெழுத்துதான். ஒருத்தி ஓரத்தை உள்ளே சொருகுவாள், ஒருத்தி கடைசி மடிப்பை உள்ளங்கையால் அறைந்து அமுக்குவாள், ஒருத்தியின் மூலை எப்போதும் விரல் அகலம் பிசகி நிற்கும். அந்தக் கொட்டகையில் மடிப்பு இடப்பக்கமாகத் திறக்கிறது என்றால் அது ஒரே ஒரு ஆளின் வேலை. பெரியக்காவுக்கு இடக்கைப் பழக்கம். படைத்தவன் அவசரத்தில் கையை மாற்றி மாட்டிவிட்டான் என்று மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, அதனால்தான் உங்களுக்கு வராத மடிப்பு எனக்கு வருது என்பாள்.

பெரியக்கா, சின்னக்காவின் கூடப்பிறந்தவள். தொழிலை ஆரம்பித்தபோது அக்காவும் தங்கையும் மட்டும்தான். ஒரு வாடகை அறை, இரண்டு அண்டா, இரவல் வாங்கின ஒரு இஸ்திரிப் பெட்டி. மழை கொட்டித் தெருவெல்லாம் வெள்ளமாகி ஒரு வண்டியும் ஓடாத வாரத்தில், சின்னக்கா இடுப்புத் தண்ணீரில் நடந்து தலைச்சுமையாகத் துணியைக் கொண்டுபோய் அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பின்னால் நடந்து இன்னொரு மூட்டையைச் சுமந்தவள் பெரியக்கா. பெரிய கம்பெனிக்காரர்கள் போன்கூட எடுக்காத நாள் அது. அதற்கப்புறம்தான் முழு ஆஸ்பத்திரித் துணியும் இவர்களுக்கு வந்தது. சொன்னால் சொன்னபடி செய்கிறவள் என்று சின்னக்காவுக்கு ஊருக்குள் பெயர் வந்தது. தகரக் கொட்டகை வந்தது, பெரிய இயந்திரங்கள் தவணையில் வந்தன, எட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அந்த ஒரு ஆஸ்பத்திரி கைவிட்டால் இத்தனையும் ஒரே மாதத்தில் போய்விடும் என்பது சின்னக்காவுக்கு எப்போதும் தெரியும். அதனால்தான் அவளுக்குத் தூக்கம் குறைவு.

ஸ்டோர் அதிகாரி வந்து இறங்கினார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். அதுதான் பயம். நாற்காலியைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியைக் கிடத்தப் போகும்போது நர்ஸ் புள்ளிகளைப் பார்த்துவிட்டாள் என்றார். நல்லவேளை, கிடத்தவில்லை. கிடத்தியிருந்தால் பேச்சே வேறு. மேலிடத்தில் வேறு சலவைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள், தான்தான் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று வந்திருக்கிறாராம்.

"உங்களை நான் எல்லார்கிட்டயும் எடுத்துச் சொல்றவன்மா. சின்னதா ஆரம்பிச்சு முன்னுக்கு வரணும்னா என்ன வேணும்னு கேட்டா உங்களைத்தான் காட்டுவேன். வாக்குத் தவறாத குணம். எவ்வளவு கோபமா பேசினாலும் எதிர்த்துப் பேசாத குணம். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"சொல்லுங்க சார்."

"தப்பு எங்கேன்னு தெரிஞ்சா அந்த இடத்தை வெட்டி எடுக்கணும். யாரு மடிச்சது?"

பெண்கள் எல்லோரும் வேலையை விட்டு வந்து நின்றார்கள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவிழ்ந்து கிடந்த கட்டை ஒவ்வொருத்தியும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியும் தரையைப் பார்த்தாள். கடைசியில் நின்ற பெரியக்கா மட்டும் கட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

சின்னக்காவின் வாயில் வேறு ஏதோ வந்தது. மடிப்பில் தப்பு இருக்காது, போகிற வழியில் மழை பிடித்திருக்கும், வண்டியின் தார்ப்பாய் ஓட்டை என்றாள். சொல்லும்போது வண்டிக்காரன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

"அப்போ வண்டியை மாத்துங்க," என்றார் அதிகாரி. "இந்த ஆள் வேண்டாம்."

வண்டிக்காரன் இரண்டடி முன்னால் வந்தான். அவன் வீட்டில் பெண்சாதி மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். எல்லோருக்கும் அது தெரியும்.

பெரியக்கா முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"அவனை விடுங்க சார். போன வாரம் மழையே இல்ல. நான்தான் மடிச்சேன்."

அதிகாரி சின்னக்காவைப் பார்த்தார். மேஜையில் வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு முன்னறையில் போய் உட்கார்ந்தார். ஒரு முடிவு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

சின்னக்கா அக்காவைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். ப்ளீச்சிங் தொட்டி இருக்கிற இடம். அங்கே நின்றாலே கண் எரியும். கறைத் துணியை அந்தத் தொட்டியில் ஊறவைத்து, கையால் துழாவி, கறை போன இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்து எடுப்பார்கள். துணி இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்ட நாளிலிருந்து சின்னக்கா ப்ளீச்சிங் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தாள். கையுறைப் பெட்டி ஒன்று அலமாரியில் உண்டு. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். மற்ற நாளில் போட்டால் வேலை ஓடாது, கறை விரலுக்குத் தெரியாது. சின்னக்கா சொன்னதுதான் அதுவும்.

"காயாத துணியை மடிக்கிற ஆளா நீ? சின்னப் பொண்ணுங்களுக்குத் துணி காய்ஞ்ச பதம் சொல்லிக் குடுத்ததே நீதானே. என்ன ஞாபகத்துல இருந்த?"

சின்னக்கா கொடியிலிருந்து ஒரு துவாலையையும் கூடையிலிருந்து ஒரு துவாலையையும் எடுத்தாள். ஒன்று முறுகக் காய்ந்தது, ஒன்றில் ஈரம் இருந்தது. கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் அவள் கைகளில் வைத்தாள்.

"எது ஈரம்?"

பெரியக்கா இரண்டையும் கசக்கிப் பார்த்தாள். கனம் பார்க்கிறவள்போல ஏற்றி இறக்கினாள். பிறகு மெல்லத் தலையைக் குனிந்து ஒரு துவாலையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

"கன்னத்துல வைக்காத. கையால சொல்லு."

"இது," என்று வலக்கையை நீட்டினாள். அதில் இருந்தது காய்ந்த துவாலை.

சின்னக்கா இரண்டு துவாலையையும் பிடுங்கிக்கொண்டாள். அக்காவின் விரல்களைப் பிடித்துத் திருப்பினாள். நுனியெல்லாம் தோல் உரிந்து, வெளுத்து, மெழுகுபோல வழவழவென்று இருந்தது. நகத்தால் அழுத்தினாள். பெரியக்கா கையை இழுக்கவில்லை.

"எப்போலேருந்து?"

"மருந்தைக் கூட்டினீல்ல, அதுக்கு அப்புறம். முதல்ல எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் எரிச்சல் நின்னுபோச்சு. பரவாயில்லையே, ஆறிடுச்சேன்னு நினைச்சேன்." அவள் லேசாகச் சிரித்தாள். "அதுக்கப்புறம் கன்னத்துல வச்சுத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கன்னம் கையைவிட நல்லாச் சொல்லும். நீதான் வேண்டாம்னுட்ட."

சின்னக்காவுக்கு ஞாபகம் வந்தது. முகமூடி கட்டாயம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பிய வாரம். பெரியக்கா முகமூடியை இறக்கிவிட்டு ஒரு விரிப்பில் முகத்தைப் பதித்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் சின்னக்கா அவளை வைதாள். நோயாளி படுக்கிற துணியில் மூஞ்சியைத் துடைக்கிறியா, இதை யாராவது பார்த்தால் என் பிழைப்பு என்னாவது என்று கத்தினாள். பெரியக்கா முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"ஏன் சொல்லல நீ?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? கை செத்துப்போன ஆளை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? வீட்டுல அவரு படுக்கையில கிடக்காரு. நான் நடந்தாத்தானே அங்க அடுப்பு எரியும்."

பெரியக்காவின் கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவன். வருஷக்கணக்காக எழுந்து நிற்கவில்லை.

சின்னக்கா முன்னறைக்குப் போனாள். அதிகாரியிடம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். துணி பக்கமே விடமாட்டேன், கூட்டிப் பெருக்கட்டும், தண்ணீர் நிரப்பட்டும், வாசலில் காவல் இருக்கட்டும் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். டீ டம்ளரை மேஜை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தார். தான் மேலே போய், தப்புச் செய்த ஆள் இனி அங்கே இல்லை என்று ஒரு வரி சொல்ல வேண்டும், அந்த வரி பொய்யாக இருக்கக் கூடாது என்றார். நாளைக்கு யாராவது வந்து பார்த்தால் தன் வேலையும் சேர்ந்து போகும்.

"கூடப்பிறந்தவங்க சார்."

"தெரியும்மா. அதனாலதான் உங்க வாயாலயே சொல்லணும்னு உட்கார்ந்திருக்கேன். தொழில்ல சொந்தம் பாத்து முன்னுக்கு வந்தவங்க யாரும் இல்ல."

மருந்தைப் பற்றிச் சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்தது. மருந்து என்று ஆரம்பித்தால் கையுறை என்று கேட்பார். கையுறை என்றால் மற்ற எட்டுப் பேரின் கைகளையும் நீட்டச் சொல்வார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அவர் எழுந்து, நல்ல முடிவு, இதுதான் உங்களிடம் எனக்குப் பிடித்தது என்றார்.

வண்டி அழுக்கு ஏற்றிவரத் திரும்பவும் போயிற்று. கறுப்புப் புள்ளி விழுந்த விரிப்புகளையெல்லாம் பெண்கள் தொட்டிப் பக்கம் சுமந்தார்கள்.

பெரியக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு முதுகுப் பக்கம். விரல்கள் கயிற்றின் மேல் ஊர்ந்தன, தாண்டிப் போயின, திரும்ப வந்தன. எது கயிறு எது துணி என்று தெரியவில்லை. சின்னக்கா பின்னால் போய் அந்த முடிச்சை அவிழ்த்தாள். வெகுநேரம் பிடித்தது.

"வாரா வாரம் நான் வீட்டுக்குக் குடுத்தனுப்பறேன். நீ ஒண்ணும் யோசிக்காத."

"எத்தனை வாரத்துக்கு?"

சின்னக்கா அவிழ்த்த வேலைத்துணியை மடிக்கத் தொடங்கினாள்.

"நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கலாம்னா, கண்ணாடி சாமான் கையில நிக்க மாட்டேங்குது," என்றாள் பெரியக்கா. புகாராகச் சொல்லவில்லை. எந்த வேலைக்குப் போகலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கலந்து பேசுவதுபோலச் சொன்னாள். "பிள்ளை பாத்துக்கற வேலைன்னா, வெந்நீரை எப்படி ஊத்தறது? சூடு தெரியணுமே." கொஞ்சம் யோசித்தாள். "சரி, வரட்டும். நீ போய் மேஜையைப் பாரு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள மத்த துணி போகணும்ல."

அவள் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பெண்கள் யாரும் நிமிரவில்லை. வண்டிக்காரன் மட்டும் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான்.

மறுநாள் காலையில் வாசலில் நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். ஆள் வேண்டும் என்று எப்படித்தான் தெருவுக்குத் தெரிகிறதோ. சின்னக்கா ஒவ்வொருத்தியிடமும் எங்கே வேலை பார்த்தாய், எத்தனை பிள்ளை, லீவு போடுவாயா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் நின்றவள் இளம்பெண். இதற்கு முன்னால் எங்கேயும் வேலை பார்த்ததில்லை என்றாள். இடுப்பில் இருந்த குழந்தையை இறக்கி விட்டுவிட்டு நேராக நின்றாள்.

"கையைக் காட்டு," என்றாள் சின்னக்கா.

அந்தப் பெண் சங்கடப்பட்டாள். அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்து, இரண்டு கையையும் உடுப்பில் அழுந்தத் துடைத்துவிட்டு நீட்டினாள். சின்னக்கா விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தோல் முழுதாக இருந்தது. லேசாகக் கிள்ளினாள். அவள் "ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டு, பிறகு தப்புச் செய்துவிட்டவள்போலத் திரும்ப நீட்டினாள்.

"நல்லாருக்கு. இன்னிக்கே சேர்ந்துக்கோ."

பின்பக்கம் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினாள். முந்தின நாள் திரும்பி வந்த விரிப்புகள் அதில் ஊறிக்கொண்டிருந்தன. புள்ளிகள் போக, வழக்கத்தைவிட இன்னும் இரண்டு குவளை மருந்து கூடுதலாக ஊற்றியிருந்தார்கள். அந்தப் பெண் வேலை கிடைத்த சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. வளையல்களை முழங்கை வரை ஏற்றி இறுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டாள்.