ட்ரிப் ஆகாத போர்டு

ஞானசீலன் வீட்டு போர்டில் ஒருநாளும் பியூஸ் போனதில்லை. அடுத்த வீட்டில் இடி இடித்தாலே பியூஸ் போய்விடும். இவர் வீட்டில் பல்பு ஜம்மென்று எரியும். பதுளைச் சந்தையில், சர்ச்சில், பஸ்ஸில் என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் அந்தப் பெருமையை அளந்துவந்தார். சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ஓட்டிய காலத்தில், தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டு வந்திருந்தார். பியூஸ் கம்பிக்குப் பதிலாக அதைத்தான் நாலைந்து மடிப்பாகத் தடிமனாக மடித்துச் செருகியிருந்தார். கம்பியென்றால் உருகும், இது உருகுமா? உருகாததுதான் ஆபத்து என்பது அந்தப் பெரிய மண்டைக்கு எட்டவேயில்லை.

மழை விட்டதும் கொல்லைக் கொடிக்கம்பியில் துணி போட்டால் கை ஜிவ்வென்று இழுக்கிறது என்று அவர் மனைவி றோசாலி சொல்லாத நாளில்லை.

"அது நரம்புத் தளர்ச்சிடி. வயசாகுதுல்ல" என்று தைலம் வாங்கித் தந்தார். பாதரிடம் கூட்டிப்போய் ஜெபமும் பண்ணவைத்தார். அவளும் நம்பித் தொலைத்தாள்.

போன வாரம் போர்டுப் பலகை புகைந்து கருகியது. றோசாலி பையைத் தூக்கினாள்.

"அந்தப் பொட்டிய மாத்துற வரைக்கும் தெமோதரையில தங்கச்சி வூட்டுலதான் இருப்பேன். நீங்க உங்க ஈயத்தாளோட குடும்பம் நடத்துங்க."

ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தார். வரவில்லை. தன் கையால் சுட்ட ரொட்டியை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனது. இவள் வராமலே இருந்துவிட்டால் என்ற பயம் வந்ததும் வீறாப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. டவுனிலிருந்து கரண்ட் வேலை பார்க்கும் ஷாமில் பாஸைக் கூப்பிட்டார்.

ஷாமில் பழையதைக் கழற்றிவிட்டுப் புது ட்ரிப் சுவிட்ச் போர்டு பூட்டினான். சுவிட்சைத் தூக்கினான். டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கினான். மறுபடி டக்.

ஞானசீலனுக்கு வந்ததே சந்தோஷம்! "பாத்தியா தம்பி? என் போர்டு ஒருநாளாச்சும் இப்புடி விழுந்துச்சா?"

"விழுறது நல்லதுக்குத்தான் ஐயா. எங்கயோ கரண்ட் ஒழுகுது."

ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தான். முன்ரூம் லைனைக் கொடுத்தால்தான் விழுந்தது.

"இதுல வேற என்னங்க கொளுவியிருக்கீங்க?"

"ஒண்ணுமேயில்லையே" என்ற ஞானசீலனின் கண் தானாகக் கூரைப் பக்கம் போனது.

கிறிஸ்மஸ் நட்சத்திரம். மலையடிவாரம் வரை தெரியவேண்டுமென்று வருஷாவருஷம் தகரக்கூரை மேலே அவரே ஏறிக் கட்டுவது. ஜனவரியில் நட்சத்திரத்தைக் கழற்றுவார், வயரைக் கழற்றமாட்டார். திரும்ப யார் ஏறுவது? சுவிட்சும் கிடையாது, நேராக லைனில் முறுக்கிவிட்டிருந்தார். ஷாமில் ஏறிப் பார்த்தான். தகர விளிம்பு உரசி வயர்த் தோல் தேய்ந்து, செம்பு தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதே தகரத்தில்தான் கொடிக்கம்பியின் ஒரு முனையும் கட்டியிருந்தது.

ஞானசீலன் படியில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, எமனைக் கூரையில் கட்டிவிட்டு அவள் கைக்குத் தைலம் தேய்த்தேனே! ஊருக்கே கரண்ட் பாடம் நடத்திய வாய் இதுதானே? அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

வயரை வெட்டிப் போட்டபின் சுவிட்ச் விழவேயில்லை.

பொட்டி மாற்றியாச்சு என்று தகவல் போனதும் மறுநாள் றோசாலி வந்தாள். வாசலிலேயே எல்லாவற்றையும் உளறிக்கொட்டினார். அவள் நேராகக் கொல்லைக்குப் போய், அவர் இடுப்பில் கட்டும் சாரத்தை அலசிப் பிழிந்து, ஈரம் சொட்டச் சொட்ட நீட்டினாள்.

"கொடியில போடுங்க."

"வயரத்தான் வெட்டியாச்சே..."

"அப்பறம் என்ன? போடுங்க."

ஞானசீலன் சாரத்தை வாங்கினார். கம்பிக்கு ஒரு சாண் முன்னாலேயே கை வெடவெடவென்று நடுங்கியது.

றோசாலி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க, நரம்புத் தளர்ச்சியா?"