மடிக்காத இலை

1

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் பிறந்த கதை இது. அதற்கு மேல் கௌரவமான காரணம் எதுவும் கிடையாது.

ஞாயிறு மலரில் நான் எழுதும் தொடருக்கு ஒரு கம்ப்யூட்டர் திருடன் வேண்டும். அவன் வங்கியை உடைக்க வேண்டும். அத்தியாயத்தின் கடைசி வரியில் விளக்கு அணைய வேண்டும். வாரப் பத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவன் நான். விளக்கு அணையாத அத்தியாயம் எனக்கு உப்பில்லாத ரசம்.

மலேசியாவில் ஜாசின் ஊர்ப் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோயிலில் அன்னதானம். "கம்ப்யூட்டர்தானே? அந்தப் பொண்ணக் கேளுங்க" என்று செயலாளர் மணியம் குழாயடியைக் காட்டினார். அங்கே ஒரு பெண் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேவிஸ்ரீ. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

"நீங்க ஹேக்கராம்மா?"

அண்டாவுக்குள்ளிருந்து சிரிப்பு எதிரொலித்தது. "ஹேக்கரும் இல்ல ஒண்ணும் இல்லலா அங்கிள். வேலை முடிஞ்சி வந்து புரோகிராம் எழுதுவேன். சும்மா குடுக்குறது."

சும்மா கொடுப்பவளை வைத்து எப்படித் திரில்லர் எழுதுவது?

2

வீட்டுக்குப் போய் எழுதிய முதல் தொடக்கம்:

திரையில் சிவப்பு எழுத்துகள் சீறின. தேவிஸ்ரீயின் விரல்கள் மின்னலாய்ப் பாய்ந்தன. கதவுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்க நெருங்க, அவள்

[இங்கே நிறுத்தினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு அவள் பதில்: "யாரு அங்கிள் பூட்ஸ் போட்டுக்கிட்டு வர்றது? என் வீட்டுக்கு யாருமே வரமாட்டாங்க."]

3

சரி, குழாயடியில் அவள் சொன்னதையே எழுதிவிடுகிறேன்.

அவள் பார்த்துக்கொள்வது ஒரு மென்பொருள் நூலகம். மற்றவர்களின் புரோகிராம்களுக்குத் தகவல்களைப் படித்துக் கொடுக்கும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். "இதே அன்னதானந்தான் அங்கிள். சாப்பிட ஊரே வருது. அண்டா கழுவ ரெண்டே பேரு."

இரண்டாவது ஆளின் இணையப் பெயர் ஸ்பேரோ. எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் அவளுக்குத் தெரியாது. எழுதிக்கொள்வதெல்லாம் ஆங்கிலத்தில்.*

தகவலின் வடிவத்தைச் சொல்லும் அச்சுக்கு 'கிளாஸ்' என்று பெயர். முன்பெல்லாம் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கிளாஸை முன்கூட்டியே கையால் எழுதி வைக்க வேண்டும். தேவிஸ்ரீ அதை மாற்றினாள். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வந்து நிற்கும் தகவலைப் பார்த்து, அதற்கான கிளாஸ் அங்கேயே உண்டாகும். "ஆள் உக்காந்ததும் இலை போடுறோம்ல, அப்படி." ஆள் போனதும் இலையை எடுத்துவிடும். இல்லாவிட்டால் நினைவகத்தில் இடம் போதாது.

அதில்தான் ஒரு பிழை. தானே உண்டாக்கிக் கொடுத்ததைச் சில நேரம் அதுவே பார்த்து, 'இது என்னுடையது இல்லை' என்று சாதித்தது. ஏன் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

*இனி குருவி என்றே எழுதுகிறேன். என் கதையில் எல்லோருக்கும் தமிழ் தெரியும்.

4

அன்று குழாயடியில் பேசி முடித்துப் பந்தியில் உட்கார்ந்தோம். பாதிச் சோற்றில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "வில்லன் கெடச்சானா?" வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். என் இலையைக் காணோம்.

"மன்னிச்சிக்குங்க அங்கிள், ஆள் இல்லேன்னு நெனச்சேன்" என்றார் பரிமாறிய திருச்செல்வம். உடனே புது இலை போட்டார். அதே சோறு, அதே சாம்பார், அதே புடலங்காய்.

"நான் கடைசியா சாப்பிடலாம்னு ஓரமா ஒரு அப்பளம் வெச்சிருந்தேன்" என்றேன். "இது என் இலை இல்லப்பா."

"இன்னொரு அப்பளம் போட்டா ஒங்க இலைதான்" என்றார் அவர். பந்தியே சிரித்தது.

தேவிஸ்ரீ சிரிக்கவில்லை. "அங்கிள், இப்ப என்ன சொன்னீங்க?"

"இது என் இலை இல்லேன்னு..."

"அதேதான்! என் புரோகிராமும் அதேதான் சொல்லுது!"

சோற்றுக் கையை ஆட்டிக்கொண்டே விளக்கினாள். புரோகிராம் அடுத்த தகவலைக் கொண்டுவர ஒரு கணம் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் போகிறது. அந்த நேரம் பார்த்து, ஆள் இல்லை என்று கிளாஸ் அழிக்கப்படுகிறது. திரும்பி வந்தால் அச்சு அசலாக இன்னொரு கிளாஸ். ஆனால் பழையது இல்லை.

"மடிக்காத இலையை எடுக்கக் கூடாதுலா அங்கிள். மடிச்சாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம்." குரல் இறங்கியது. "குருவி அப்பவே எழுதினாரு. ஆள் இல்லேன்னு நீயா முடிவு பண்ணாதே, அவங்களே சொல்லட்டும்னு. நாந்தான் சண்டை போட்டேன். அதுக்கப்புறம் அவர்கிட்டேருந்து ஒண்ணும் வரல. தீபாவளிக்கு முன்னாடி அது."

5

பிழையைத் திருத்திவிட்டாள். ஆனால் வெளியிட முடியவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சரி சொன்னால்தான் வெளியிடுவது என்று இருவரும் போட்ட விதி.

"விதிய மாத்திடலாமே?"

"மாத்தவும் ரெண்டு பேரு வேணும்."

ஒரே வழி, பொறுப்பாளர் பட்டியலிலிருந்து குருவியை நீக்குவது. அதற்கு அவளுக்கு அதிகாரம் உண்டு. அப்புறம் அவள் ஒருத்திதான். தன் சம்மதமே போதும்.

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) குருவி இறந்துவிட்டார். தகவல் வரும்போது விளக்கு அணைகிறது. (தேவிஸ்ரீ: "சாகடிக்காதீங்க அங்கிள்.")

ஆ) குருவி வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்! ("பக்கத்து வீடு காலியாத்தான் கெடக்கு.")

இ) குருவி ஓர் உளவாளி. அந்த நூலகத்துக்குள் அவன் ஒளித்து வைத்திருந்தது

[வேண்டாம். இதை அவளுக்கு அனுப்பவில்லை.]

6

போன ஞாயிறு மாலை அவள் வீட்டுக்குப் போனேன். நான் பூட்ஸ் போட்டிருக்கவில்லை.

திரையில் ஒரு சின்னப் பெட்டி: 'இவரை நீக்கவா? ஆம். இல்லை.' பக்கத்தில் வரிசையாக ஆட்களின் கேள்விகள். எப்போது வெளியிடுவீர்கள்? யாராவது இருக்கிறீர்களா? ஒருவர், இது செத்துப்போன நூலகம், வேறு பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் போனா எல்லாரும் போயிடுவாங்க" என்றாள். அம்புக்குறி 'ஆம்' மேல் நின்றது. "அங்கிள், அன்னைக்கு ஒங்க இலைய எடுத்தப்ப கோவம் வந்துச்சா?"

தங்கா பத்துவில் தனியாக இருப்பவன் நான். ஆசிரியரைத் தவிர வேறு யாரும் போனில் அழைப்பதில்லை.

"கோவமெல்லாம் இல்லம்மா. திரும்பி வந்து பாக்குறேன், நான் அங்க உக்காந்திருந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்ல. அதான்..."

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். குருவிக்கு எழுதும் இடத்தைத் திறந்தாள். முதன்முறையாகத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தட்டி அனுப்பினாள்.

சாப்பிட்டாச்சா?

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெட்டி இன்னும் மூடப்படவில்லை. 'ஆம்' இருக்கிறது, 'இல்லை' இருக்கிறது. கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் அணைக்க விளக்கு எதுவும் இல்லை.

எங்கிருந்தோ இதைப் படிக்கும் நீங்களேகூட அந்தக் குருவியாக இருக்கலாம். என் கதையில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்று முன்பே சொல்லிவிட்டேன். அதனால் அவள் கேட்டது உங்களுக்குப் புரிந்திருக்கும். சாப்பிட்டாயிற்று என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள், இலையை அவளே எடுத்துவிடுவாள். இல்லையென்றால் வாருங்கள். இலை போட்டபடியே இருக்கிறது.