அம்மணியின் முதுகு

அம்மணி போய்ச் சேர்ந்த பிறகுதான், அவளுக்கு முகம் இருந்ததற்கு வீட்டில் ஓர் அத்தாட்சியும் இல்லை என்பது மகள் தீபலட்சுமிக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். அண்ணன் கோபு பீரோவில் இருந்த ஆல்பங்களைக் கூடத்தில் கொட்டினான். எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள்; எதிலும் முகம் இல்லை. கோபுவின் கல்யாணத்தில் குனிந்து சாம்பார் வாளியைத் தூக்குகிறாள். தீபலட்சுமியின் வளைகாப்பில் தலை அண்டாவுக்குள் இருக்கிறது. குடும்பமாக நின்று எடுத்த படத்தில்கூட யாருக்கோ தண்ணீர் கொண்டுவரத் திரும்பிவிட்டாள்.

"ரேஷன் கார்டு, ஆதார் கார்டு எதுலயாவது இருக்குமே?" என்றான் கோபு.

"எல்லாத்தையும் இடுப்புல சொருவிகினுதானே மாவாட்டும். மூஞ்சி அழிஞ்சிபூட்ச்சுண்ணா."

அப்பா வேதாசலத்திடம் கேட்டார்கள். "மூக்குத்தி போட்டிருந்தா," என்றார். எந்தப் பக்கம் என்றதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கால் ஒடிந்து படுத்த வருஷம் பீர்க்கன்கரணை முனையில் அம்மணி இட்லிக் கடை போட்டாள். அவர் எழுந்து நடந்த பிறகும் மூடவில்லை. மறைமலை நகர் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறினால் அவளுக்குப் பொறுக்காது. பொட்டலத்தோடு பஸ் பின்னாலேயே ஓடுவாள்.

குரோம்பேட்டை ஸ்டூடியோக்காரர் துளசிங்கம் தைரியம் சொன்னார். "கவலைய வுடும்மா. உன் மூஞ்சில வயச ஏத்தி, கம்ப்யூட்டர்ல அம்மாவ வர வச்சிடலாம்."

வந்தாள். பட்டுப் புடவையும் வைர மூக்குத்தியுமாக, மடியில் கைகோத்து, வேலையே இல்லாதவள்போலச் சிரித்தாள்.

காரியத்தன்று மாலையோடு வந்த இட்லிக் கடை வாடிக்கைக்காரர்கள் படத்தைப் பார்த்ததும், "மன்னிச்சிக்கோங்க, வூடு மாறி வந்துட்டோம்," என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். கூட்டம் பக்கத்து வீட்டில் விசாரிக்கப் போனது. சற்று நேரத்தில் அந்த வீட்டு ஸ்ரீரங்கன், கழுத்தில் நான்கு ரோஜா மாலைகளோடு மூச்சு வாங்க வந்தார்.

"கோபு, நான் உயிரோடதாம்ப்பா இருக்கேன்! யாராவது அவங்ககிட்ட சொல்லேன்!"

தீபலட்சுமி பட்டுப் புடவைக்காரியை இறக்கிவிட்டு, சாம்பார் வாளிப் படத்தை மாட்டினாள். இழுத்துச் செருகிய முந்தானை, கோணல் கொண்டை, ரவிக்கையில் காய்ந்த மாவு.

"முதுகுக்கு எப்டி பொட்டு வெக்கிறது?" என்றான் கோபு.

அவள் கொண்டையின் நடுவில் குங்குமத்தை வைத்தாள்.

தெருவே உள்ளே வந்துவிட்டது. வெல்டிங் வேலை பார்க்கும் அன்பு படத்தின் முன்னால் கைகட்டி நின்றான். "அக்கா, ஷிப்டு முடிஞ்சி வந்துட்டேன்க்கா," என்றான். அடுப்பருகே நிற்கும் அந்த முதுகிடம்தான் அவர்கள் எல்லாரும் இத்தனை காலம் பேசியிருந்தார்கள். ஒருத்தி மகளின் நர்ஸிங் பரீட்சை முடிவைச் சொன்னாள். இன்னொருத்தன் கொஞ்சம் கெட்டிச் சட்னி கேட்டான்.

"அவள இந்தப் பக்கம் திரும்பச் சொல்லாதீங்க. வேலையா இருக்கா," என்றார் வேதாசலம்.

இலை போட்டபோது புது வம்பு கிளம்பியது. உட்கார ஒருவரும் தயாரில்லை. அம்மணிக்காக நான்தான் பரிமாறுவேன் என்று ஆளாளுக்கு வாளியைப் பிடுங்கினார்கள். கரண்டி கிடைக்காத அன்பு உப்புக் கிண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டான். பந்தி முழுக்கப் பரிமாறுகிறவர்கள். சாப்பிடத்தான் ஆள் இல்லை.

கடைசியில் தீபலட்சுமி உட்கார்ந்தாள். இலையில் எட்டுத் திசையிலிருந்தும் சோறு விழுந்தது. அன்றுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே குழம்பைப் பிசைந்து, விடாமல் சாப்பிட்டாள்.