தொட்டிக்குள் மூன்றாவது குரல்

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து சுட்டேன். கட்டட வேலைகளைக் கண்காணிப்பது அவள் தொழில். விடுமுறை நாளில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேலைக்கு வந்தால் அவளும் போயாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு, "எழுதிக் கிழுதித் தொலைக்காதடி" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "இருள் சூழ்ந்த அந்தக் கட்டடத்தில்..." (பொய். பட்டப்பகல். வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாவது: "ஆளில்லாத கட்டடத்துக்கென்று ஒரு மூச்சு..." (அக்கா சிரிப்பாள்.)

சரி, நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2

தரைக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. இறங்குவதற்கு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். உள்ளே நெட்டை, சுருட்டை என்று இரண்டு பெயின்டர்கள். பூச்சின் நெடி மூக்கை அறுத்தது. காற்று ஊதும் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. மேலே அக்காவும் மேஸ்திரியும்.

வேலைநாளாக இருந்தால் மீட்பு ஆட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். அன்று வாசலில் ஒரு காவலாளி, அவ்வளவுதான். அதனால் அக்கா துவாரத்தருகே உட்கார்ந்து அடிக்கடி கூப்பிட்டாள்.

"நெட்டையண்ணே!"

"இருக்கேன் மேடம்!"

"சுருட்டை!"

"இருக்கேன்!"

பிறகு, யாரையும் கூப்பிடாமலே, தணிந்த குரலில் இன்னொன்று: "இருக்கேன்."

அக்கா இருவரையும் உடனே மேலே ஏறச் சொன்னாள். ஏறினார்கள். இருவர்தான்.

"எதிரொலி மேடம். பாக்கியை முடிச்சிடலாம், பூச்சு காஞ்சிடும்" என்றார் மேஸ்திரி.

(இவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மனிதர் இடம் கொடுக்கவில்லை. அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள்.)

3

அக்கா மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுத் துவாரத்தில் குனிந்தாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்."

நெட்டை இரண்டடி பின்வாங்கினார். அக்கா தீயணைப்புக்குப் போன் போட்டாள். மேஸ்திரி சட்டையைக் கழற்றினார். "ஏதோ உசிரு மேடம். நான் பாத்துட்டு வந்துடறேன்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் இறங்கக் கூடாது. மிஷினைப் போடுங்க, உள்ள காத்தாவது போகட்டும். தீயணைப்பைக் கூப்பிட்டாச்சு."

"அதுக்குள்ள செத்துட்டா?"

"நீங்க இறங்கினா ரெண்டு பேர். உங்களைத் தூக்க இவரு இறங்கினா மூணு பேர்."

"உங்களுக்கு மனசே இல்லையா மேடம்?"

(இங்கே அக்காவின் மனம் எப்படி இருந்தது என்று ஒரு பத்தி எழுதி அடித்தேன். அவள் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "கையை விட்டுடுவேனோன்னு பயமா இருந்துச்சு.")

தீயணைப்பு வண்டி வரும்வரை அவள் விடவில்லை. குரல் மறுபடி வரவில்லை.

4

முகமூடியோடு இறங்கியவர்கள் முதலில் "யாருமில்லை" என்றார்கள். பிறகுதான் தொட்டியின் ஒரு பக்கத் தடுப்புச் சுவரின் உச்சியில் ஒரு திறப்பைக் கண்டார்கள். அதற்கப்பால் இன்னோர் அறை. அங்கே ஒருவர் சுருண்டு கிடந்தார்: வேறொரு ஒப்பந்தக்காரரின் பிளம்பர். காலையிலேயே பின்வாசல் வழியாக வந்து, அக்காவிடம் சொல்லாமல், அந்தப் பக்கத்துத் துவாரத்தில் தனியாக இறங்கியிருக்கிறார். பூச்சின் நெடி திறப்பு வழியே அவரையும் எட்டிவிட்டது.

பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு மேஸ்திரி அப்படியே இறங்கி, மிஷின் காற்று எட்டாத அந்த அறைக்குள் நுழைந்திருந்தால் பிணமாகத்தான் தூக்கியிருப்போம் என்றார் தீயணைப்பு அதிகாரி. மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டார், உள்பக்கம் வெளியே தெரிய.

கதையை இங்கே நிறுத்தினால் நல்ல கதை. பாதுகாப்பு வகுப்பில்கூடச் சொல்லலாம்.

5

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிளம்பர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், டாக்டர் சொல்றாரு, நீங்க கூப்பிட்டப்ப அவருக்கு நினைவு தப்பி ரொம்ப நேரமாகியிருக்கும், வாயைத் திறந்திருக்கவே முடியாதுன்னு. அவரும் எதையும் கேக்கலைன்னுதான் சொல்றாரு. அப்ப உங்களுக்குப் பதில் சொன்னது யாரு?"

முடிவு ஒன்று: அக்கா, "எதிரொலிம்மா" என்கிறாள். (எதிரொலி, கேட்காத வார்த்தையைச் சொல்லுமா?)

முடிவு இரண்டு: "உங்க வீட்டுக்காரர்தான். டாக்டருக்குத் தெரியாது." (அவள் நம்ப விரும்புவாள். ஆனால் அக்காவுக்குப் பொய் வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும்.)

முடிவு மூன்று: "அந்தத் தொட்டி கட்டுறப்ப முன்னாடி ஒரு..." (வேண்டாம்.)

உண்மையில் என்ன சொன்னாய் என்று அக்காவிடம் கேட்டேன். எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எனக்கும் எழுத வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே நிபந்தனை: அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கணவரின் செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் இன்னும் வராந்தாவில்தான் நிற்கிறாள்.