தண்ணீர் புகாத கூடு

கலசத்தைக் கண்ணாடி மேசைமேல் வைக்க வேண்டாமென்று கேமராக் கடைக்காரர் கேட்டுக்கொண்டார். கீறல் விழுமாம். உள்ளே இருப்பது யார் என்று சின்னவள் சொல்லவில்லை. காலை நேரத்தில் ஒரு மனிதரின் வியாபாரத்தைக் கெடுப்பானேன்? அப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகில் போகும்போது வீடியோ எடுக்க வேண்டும், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகக் கூடாது என்றாள்.

தகன நிலையத்திலிருந்து நேராக இங்கேதான் வந்திருந்தாள். அக்காவின் உத்தரவு அப்படி; சாம்பல் கரைப்பதை உறவுக்காரர்களுக்குப் போட்டுக்காட்ட வீடியோ வேண்டுமாம். அக்கா வெளிநாட்டில் இருந்தாள். அப்பா செத்ததற்கும் வரவில்லை, எரித்ததற்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். ஆனால் செல்போனில் வந்துவிட்டாள். இப்போதும் சின்னவளின் கையில் முகமாக இருந்துகொண்டு, கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு கயாக் பித்துப் பிடித்தவர். படுக்கையில் விழும்வரை ஏரியே கதியென்று கிடந்தார். தன் சாம்பலைத் தன் கயாக்கிலேயே கொண்டுபோய் ஏரி நடுவில் கரைக்க வேண்டும், அதுவும் பெரியவள் கையால் கரைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அதை அவர் சொன்னது சின்னவளிடம். வருஷக்கணக்காக அவருடைய மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளிக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டு, "மறந்துடாம அவகிட்ட சொல்லிடு" என்றும் சேர்த்துச் சொன்னார்.

கடைக்காரர் முதலில் நெஞ்சில் கட்டும் பட்டையைக் காட்டினார். துடுப்புப் போடும்போது உடம்பு திரும்பும், படமும் கூடவே ஆடும், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும் என்று அக்கா தள்ளிவிட்டாள். தலைப்பட்டை? இவள் எங்கே பார்க்கிறாளோ அங்கேதான் கேமராவும் பார்க்கும், இவள் எதைப் பார்ப்பாளோ யார் கண்டது? அதுவும் வேண்டாம். கயாக்கின் மூக்கில் ஒட்டிப் பின்பக்கம் பார்க்க வைத்தால் அற்புதமாக வரும், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார் கடைக்காரர்.

"அதுல முழுக்க இவ மூஞ்சிதானே தெரியும்?" என்றாள் அக்கா.

கடைக்காரர் சின்னவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போய், இருக்கைக்குப் பின்னால் நிறுத்தும் குட்டைக் கம்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். கேமரா தோளுக்கு மேலிருந்து முன்னால் பார்க்கும். முதுகு தெரியும், கை தெரியும், தண்ணீர் தெரியும். அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. எதற்கும் இருக்கட்டுமென்று கேமராவைப் போட்டு மூடும் தண்ணீர் புகாத கூடு ஒன்றையும், மூழ்காமலிருக்க ஒரு மிதவையையும் வாங்கச் சொன்னாள். இவள் கவிழ்த்தாலும் கவிழ்த்துவிடுவாளாம். கேமரா முழுகவே முழுகாது என்று கடைக்காரர் உறுதி கொடுத்தார். கயாக்கில் போகிறவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஈரம் உறிஞ்சும் தாளைப் போட்டு, உலர்ந்த இடத்தில் வைத்துத்தான் கூட்டை மூட வேண்டும், இல்லையென்றால் உள்ளே பனி பிடிக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

முதுகு மட்டும் தெரிவதில் சின்னவளுக்கு வருத்தமே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாவிடம் ஒரே ஒரு தடவை, அவர் குறுக்கே பேச முடியாத நேரமாகப் பார்த்து, மனதில் இருப்பதைப் பேசிவிட வேண்டும். ஏரி நடுவில் யார் இருக்கப்போகிறார்கள்?

மறுநாள் விடிந்ததும் போனாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி என்று எதைப் பார்த்தாலும் வாய் தானாகத் திறந்து ஹா என்று ஊதும், விரல் துணியைத் தேடும். கரையில் நின்று கேமராவின் கண்ணிலும் ஊதினாள், கூட்டின் உள்பக்கமும் ஊதினாள், பளபளவென்று துடைத்து அழுத்தி மூடினாள். தன் மூச்சையும் சேர்த்துத்தான் மூடினோம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பெரியவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா அவளுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுப்பார். கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்று பார்த்தே சின்னவள் கற்றுக்கொண்டிருந்தாள். நடு ஏரியில் கயாக்கை நிறுத்திக் கலசத்தைக் கவிழ்த்தாள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கவில்லை. பாதி அப்பா தண்ணீரில் விழுந்தார், மீதி அப்பா அவள் முகத்தில் வந்து அப்பினார். கண்ணில், மூக்கில், பல் இடுக்கில் நறநறவென்று.

அவள் துப்பினாள். துப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"போறப்பகூட என் மேலதானா? நீங்க அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்பல்லாம் ஓடி வந்தது நான். உங்களைக் கழுவினது நான். என் பேரு ஒரு தடவையாவது உங்க வாயில வந்துச்சா? நீங்க செத்த அன்னிக்கு நான் நல்லாத் தூங்கினேம்பா. ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்."

ஏரித் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தாள். மனம் லேசாகிவிட்டது. திரும்பி வரும்போது கயாக்கும் அப்படித்தான் வந்தது.

அக்கா அவசரப்படுத்தியதால் தான் பார்க்காமலேயே வீடியோவை அனுப்பினாள். அக்கா கூப்பிட்டபோது மாலையாகிவிட்டது. படம் வெறும் வெள்ளை, புகைக்குள் புகை, ஒன்றுமே தெரியவில்லை என்றாள். சின்னவளுக்கு அப்போதுதான் ஹா என்று ஊதியது நினைவுக்கு வந்தது. சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டாள்.

"சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது" என்றாள் அக்கா.

கடையில் எல்லோரும் எது தெரியும், எது தெரியாது என்றுதான் பேசினார்கள். எது கேட்கும் என்று ஒருவரும் பேசவில்லை. சின்னவள் காத்திருந்தாள். அக்கா திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், நாசமாய்ப் போ என்று சபித்திருக்கலாம். அப்படி ஏதாவது செய்திருந்தால் இரண்டு பேரும் கொஞ்ச நேரமாவது அக்கா தங்கையாக இருந்திருப்பார்கள்.

"நாளைக்கு இன்னொரு தடவை போய் எடு."

"எல்லாத்தையும் கரைச்சாச்சேக்கா."

"ஏதோ ஒரு சாம்பல். பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" அக்கா இன்னொன்றும் சொன்னாள். "இந்தத் தடவை வாயைத் திறக்காத."

சின்னவள் கொல்லைப்புறத்தில் பழைய வாளி ஒன்றில் காய்ந்த சருகையும், கேமரா வந்த அட்டைப்பெட்டியையும் போட்டுக் கொளுத்தினாள். ஆறிய பிறகு கலசத்தில் நிரப்பினாள். இப்போது அவளுக்குத் தொழில் பிடிபட்டிருந்தது. உலர்ந்த அறையில் வைத்துக் கூட்டை மூடினாள். ஏரியில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கலசத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்தி, மெதுவாகச் சரித்தாள். வெயில்கூட வேண்டிய இடத்தில் வந்து விழுந்தது. அட்டைப்பெட்டியின் சாம்பல் விரிந்து போவதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காமல் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வீட்டில் கூடினார்கள். அம்மாவை டிவிக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். வீடியோவை டிவியில் போட்டார்கள். அக்கா அதில் தன் குரலைச் சேர்த்து அனுப்பியிருந்தாள். "அப்பா, நீங்க கேட்ட மாதிரியே உங்களை வழியனுப்பறேன்" என்று குரல் உடைந்து பேசினாள். கூடத்தில் மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை. தண்ணீரில் கருப்பாக ஒரு துண்டு மிதந்து வந்தபோது, "அண்ணன் எலும்பு" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். வெந்தும் வேகாத அட்டை அது.

"தோள் எப்படிக் குலுங்குது பாரு. பெரியவளுக்கு அவர்மேல உசுரு" என்றாள் அம்மா.

"அது நான்தாம்மா" என்றாள் சின்னவள்.

"குரல் அவளோடதுதானே?" என்ற அம்மா, அப்போதுதான் சின்னவளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு பாத்தும் உனக்கு ஒரு சொட்டு வரலையேடி."

அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். கருப்புத் துண்டின்மேல் விரலை வைத்தாள். அது மிதந்து மிதந்து ஓரத்துக்குப் போய் மறையும்வரை விரலும் கூடவே போயிற்று. கண்ணாடியில் ஈர விரலின் தடம் நீளமாக விழுந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

சின்னவள் போட்டாள்.