மேனேஜருக்குக் களிம்பு

என் குதிகால் வெடிப்புக்கு வாங்கிய களிம்பை மேனேஜரின் நான்கு பாதங்களிலும் தாராளமாகப் பூசியது நான்தான். பூசிவிட்டுக் கை கழுவப் போனது அதைவிடப் பெரிய தப்பு. குழாயைத் திறப்பதற்குள் ஹாலில் தடால் என்று ஒரு சத்தம். அடுத்து சர்ர்ர் என்று இன்னொன்று. அதற்கப்புறம் என் மனைவியின் குரல். முதல் இரண்டு சத்தங்களுக்கு நான் பயப்படவில்லை.

மேனேஜர் எங்கள் வீட்டு நாய். பழுப்பு நிறம், பெரிய உடம்பு, வாயைச் சுற்றி நரை. குட்டியாக வந்தபோது என் மகள் வேறு ஏதோ பெயர்தான் வைத்தாள். ஆனால் வாசற்படியில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏற இறங்கப் பார்த்து, திருப்தியில்லாமல் ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அந்தத் தோரணைக்கு முன்னால் வேறு எந்தப் பெயரும் நிற்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்வோம். “அப்பா வந்துச்சா?” என்று என்னை விசாரிக்கிற மகள்கூட, “மேனேஜர் சாப்பிட்டாரா?” என்றுதான் கேட்பாள்.

ஹாலுக்கு ஓடினேன். எங்கள் வீட்டுத் தரை, நான் விற்பனையாளனாக வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் மிஞ்சிப்போன சரக்கு. ‘முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கலாம் மேடம்’ என்று சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் நான் தலையில் கட்டிய ரகம். அதில் களிம்புக் காலோடு எழுந்த மேனேஜர், உட்கார்ந்த வாக்கிலேயே ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பயணம் செய்து, ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களின் நடுவே போய்ச் சேர்ந்திருந்தார். என் மனைவி பள்ளி ஆசிரியை. தாள்களைத் தரையில் பரப்பித் திருத்துவது அவள் வழக்கம். மேனேஜர் எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். பிறகு எதுவுமே நடக்காததுபோல விடைத்தாள்கள் மேலேயே நடந்து வெளியேறினார்.

“என்னத்தைப் பூசுனீங்க?”

“களிம்புதான். எனக்கும் வெடிப்பு, அவருக்கும் வெடிப்பு. வீட்டுல ரெண்டு ஆம்பளைங்களுக்கும் ஒரே மருந்தா இருக்கட்டுமேன்னு…”

“உங்க காலை நீங்க நக்க மாட்டீங்க. அவர் நக்குவாரு. அந்த வித்தியாசம்கூடவா தெரியல?”

ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு விரலிடுக்காக அவள் துடைக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து குற்றவாளியைப்போல் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பாதங்களை ஒழுங்காகப் பார்த்தேன். கறுப்பாக, மெத்தென்று இருந்தவை. இப்போது ஓரமெல்லாம் தடித்துப் பொருக்குத் தட்டி, நடுவில் ஆழமாகப் பிளந்திருந்தன. பிளவுக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

(விடைத்தாள் விவகாரம் வேறு விதமாக முடிந்தது. பாதத் தடம் விழுந்த தாள்களை வாங்கிய பிள்ளைகள் அதை முத்திரை என்று நினைத்துக்கொண்டார்களாம். தடம் விழாதவர்கள், “எங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் இல்ல?” என்று சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.)

கால்நடை மருத்துவர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பேச்சில் சிக்கனம். மேனேஜரின் கல்லீரல் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்து, போன வருஷத்திலிருந்து மாத்திரை கொடுத்து வருபவரும் அவர்தான். இரும்பு மேஜையில் படுத்திருந்த மேனேஜரின் காலைத் திருப்பிப் பார்த்தார்.

“இது நம்ம குதிகால் வெடிப்பு மாதிரி இல்ல சார். கல்லீரல் நோய் முத்தினா சில நாய்களுக்குப் பாதத்தோல் இப்படி ஆகும். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வையுங்க. தேய்க்காம ஒத்தி எடுங்க. நான் தர்ற மருந்தை மட்டும் போடுங்க. அது ஊறுற வரைக்கும் நக்க விடாதீங்க. சாப்பாட்டுல முட்டை மஞ்சக்கரு சேருங்க. அப்புறம், வழுவழு தரையில நடக்க விடாதீங்க.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த குடற்புழுப் படத்தை ஆர்வமாகப் பார்த்தேன்.

“டாக்டர், இன்னும் எத்தனை வருஷம் வாரண்டி இருக்கு இவருக்கு?” என்று கேட்டேன்.

“பில் கொண்டு வந்தீங்களா சார்?”

மூவரும் சிரித்தோம். நான் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினேன். மனைவி வர ரொம்ப நேரமாயிற்று.

“என்ன, டாக்டர் உனக்கும் ஊசி போட்டுட்டாங்களா?”

“கையெழுத்து புரியல. கேட்டுட்டு வந்தேன்.”

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கிறுக்கலையே படித்து மார்க் போடுகிறவளுக்கு டாக்டர் கையெழுத்து புரியவில்லையாம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆட்டோக்காரரிடம், “மேனேஜர் வர்றாரு, பாத்து ஓட்டுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அன்று சாயங்காலம் வீடியோவில் வந்தாள்.

“ப்பா, உன் களிம்புக் கதையெல்லாம் அம்மா சொல்லிட்டா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. பரீட்சை முடிச்சு நான் வர்றப்போ அவர் வாசல் வரைக்கும் ஓடி வந்து என் பையைப் பிடுங்கணும். பிடுங்குவாரா மாட்டாரா?”

“பிடுங்குவாரு. நான் பொறுப்பு.”

“நீ பொறுப்பா? அப்ப கஷ்டம்தான்” என்று சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. போன் வழியாக மேனேஜரின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பொறுப்பை ஏற்றேன். வீட்டிலிருந்த கால்மிதி, பழைய பாய், சாக்கு, மனைவி ஒரே ஒரு வாரம் யோகா செய்த விரிப்பு எல்லாவற்றையும் போட்டு, மேனேஜரின் படுக்கையிலிருந்து வாசற்படி வரை ஒரு பாதை அமைத்தேன். “டைல்ஸ் விக்கிறவர் வீட்டுல தரையைத் தேட வேண்டியிருக்கு” என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மகளின் பழைய பள்ளி சாக்ஸை மேனேஜருக்கு மாட்டினோம். மஞ்சள் கரு அவருக்கு, வெள்ளைக் கரு எனக்கு என்று பாகப்பிரிவினை ஆனது.

கஷ்டம், மருந்து ஊறும் வரை நக்காமல் பிடித்து வைப்பதுதான். மனைவி அதட்டினாள், அவர் மதிக்கவில்லை. எந்த மேனேஜர் மதிப்பார்? கடைசியில் வழி கண்டுபிடித்தது நான்தான். காலை மடியில் வைத்துக்கொண்டு கடைக் கதை சொன்னேன். குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க ஒருவர் வாரா வாரம் வந்து, கடையையே புரட்டிப் போட்டு, காபி குடித்து, கடைசியில் “வெள்ளையிலயே வேற கலர் இருக்கா?” என்று கேட்ட கதை. காபிக்கு வருவதற்குள் மேனேஜர் குறட்டை விட்டார்.

“பாவம், கல்யாணம் ஆன புதுசுல நானும் இப்படித்தான் தூங்கிடுவேன்” என்றாள் மனைவி.

“இது மயக்க மருந்துடி. ஆஸ்பத்திரியில கேட்டா வாடகைக்கு விடலாம்.”

தினமும் அதே கதை. ஒருநாளும் அவர் முடிவைக் கேட்டதில்லை. முன்னங்கால் பிளவு ஒன்று மூடி வந்தது. அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். மனைவியிடமும் காட்டினேன். பார்த்தாள். எவ்வளவு மோசமான தாளிலும் ஓரத்தில் ‘முயற்சி நன்று’ என்று எழுதுகிறவள், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முட்டை வேகவைக்கப் போனாள்.

அப்புறம் பின்னங்காலில் புதிதாக இரண்டு பிளவுகள். அப்புறம் மஞ்சள் கருவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதையும் நான் தின்றேன். ஒருநாள் கூரியர்க்காரர் நேராக ஹாலுக்குள்ளேயே வந்து நின்றார். “மேனேஜர் லீவா சார்?” என்றார். பார்த்தால் வாசற்படி காலியாக இருந்தது. பாதை முழுக்க விரிப்பு கிடந்தது. நடக்கத்தான் ஆள் இல்லை.

சாயங்காலம் வழக்கம்போலத் தண்ணீரில் காலை வைத்து எடுத்து, ஒத்தி, மருந்து போட்டு, மடியில் வைத்துக் கதையை ஆரம்பித்தேன். வாரா வாரம் வந்தார். புரட்டிப் போட்டார். காபி குடித்தார். மேனேஜர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை நக்கவும் முயலவில்லை. ‘வெள்ளையிலயே வேற கலர்’ வரைக்கும் முதன்முறையாக முழுக் கதையும் கேட்டார். என் கதையைக் கடைசிவரை கேட்கிற அளவுக்கு ஒரு ஜீவனுக்கு வலிக்கிறது என்றால்…

மனைவி வாசலோரம் உட்கார்ந்து சாக்ஸை அலசிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, மேனேஜரு ராஜினாமா குடுத்துடுவார் போலிருக்கே” என்றேன்.

“நீங்க ஏத்துக்கிட்டாத்தானே” என்றாள், திரும்பாமல்.

“வாரண்டி தீர்ந்திருக்குமோ?”

“பில்லைத் தேடுங்க.”

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு அடுத்தது நாக்கு நுனியில் நிற்கும். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. மடியில் அந்தக் கால் மட்டும் சூடாக இருந்தது.

“பாப்பா லீவுக்கு வர்றப்போ இவர் இருப்பாரா?”

அலசுகிற சத்தம் நின்றது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மேனேஜரின் இன்னொரு காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்பத்தாங்க கேக்கறீங்க” என்றாள். “இருக்க மாட்டாரு. டாக்டர் அன்னிக்கே என்னை நிறுத்திச் சொல்லிட்டாங்க. பாதம் ஆறாது, வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்னு. பரீட்சை முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம். இந்த ஞாயித்துக்கிழமையே அவளை வரச் சொல்லுங்க.”