பதின்மூன்று நாள் முந்திய காகிதம்

1

இந்தக் கதை பிறந்தது எங்கள் நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. குடிநீர் இணைப்புக்கு ஒரு படிவம் நிரப்பினேன். தேதி கேட்ட இடத்தில் "ஹெய்செய் 31, ஜூன்" என்று என் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. எங்கள் நாட்டில் ஆண்டுக்கு மன்னர் காலத்துப் பெயர்தான். பழைய மன்னர் ஏப்ரலோடு விலகி, மே முதல் தேதியே புதிய ஆண்டுப் பெயர் வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், கைக்கு யார் போய்ச் சொல்வது?

கவுண்டர் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அன்று எனக்கு முன்னால் இதையே பத்துப் பேர் செய்திருப்பார்கள்.

"தப்பான பேரு மேல ரெண்டு கோடு போடுங்க. கோட்டு மேல உங்க முத்திரைய வச்சிருங்க. போதும்."

வைத்தேன். கையெழுத்துக்குப் பதிலாக எங்கள் ஊரில் ஆளுக்கொன்று வைத்திருக்கும் முத்திரை, விரல்நுனி அளவு சிவப்பு வட்டம். தவறு தீர்ந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், இதே தவறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவனுக்கு நடந்திருந்தால் என்று தோன்றியது.

2

முதல் தொடக்கம்: "ரியாகுனின் ஆண்டின் பனி வகாசா கடற்கரையில்..."

வேண்டாம். பனியோடு தொடங்கும் கதைகள் எங்கள் ஊரில் ஏற்கெனவே லாரிக் கணக்கில் இருக்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: "ஜோஎன் நல்லவன், ஆனால்"

இதுவும் வேண்டாம். அந்த "ஆனால்" கதை முழுவதையும் தின்றுவிடும்.

சரி, நேராகவே சொல்கிறேன். வானத்தில் ஏதோ கெட்ட குறி தெரிந்தது என்று, பதினோராம் மாதம் இருபத்து மூன்றாம் தேதி, காதேய் என்றிருந்த ஆண்டுப் பெயரை ரியாகுனின் என்று மாற்றினார்கள். அதுவும் ராசியில்லை என்று, அடுத்த வருஷம் இரண்டாம் மாதம் ஏழாம் தேதி அதையும் மாற்றினார்கள். ஆக, எழுபத்து சொச்ச நாள் வாழ்ந்த பெயர்.* என் கதைக்கு அதில் ஒரு நாள் போதும்.

(* இதுவரை வரலாறு. இனி வரும் ஆட்களும் அவர்களுடைய காகிதமும் என் சரக்கு. எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டாம்.)

3

வகாசாவில் நாகஹிசா என்றொரு சிறு நிலக்காரர். மூத்த மனைவிக்கு மகன் மோதோயசு, இளையவளுக்கு மகள் ஹிமேத்சுரு. பதினோராம் மாதம் பத்தாம் தேதி, படுத்த படுக்கையாக இருந்த நாகஹிசா பக்கத்துக் கோயில் துறவி ஜோஎனைக் கூப்பிட்டார். ஊரில் யாருக்கு எழுத்து வேலை என்றாலும் அவன்தான். கடலோர வயலும் அதை ஒட்டிய வீடும் மகளுக்கு என்று தெளிவாகச் சொன்னார். அந்தக் காலத்தில் மகளுக்கும் நிலம் எழுதுவார்கள், அதில் அதிசயம் இல்லை.

வெளியே மழை. நல்ல தூரிகை கோயிலில் இருந்தது. நாளைக்கு வந்து எழுதுகிறேன் என்று ஜோஎன் எழுந்து போனான். மறுநாள் காலை நாகஹிசா இல்லை.

[இங்கே ஜோஎனுக்கு ஒரு நல்ல காரணம் கொடுக்கப் பார்த்தேன். காய்ச்சல், அவசரப் பூசை, ஏதாவது. எதுவும் ஒட்டவில்லை. அவனுக்கு நனையப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.]

நாற்பத்தொன்பது நாள் துக்கம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மோதோயசு ஆள் அனுப்பினான். பன்னிரண்டாம் மாதக் கடைசியில் ஹிமேத்சுரு கோயிலுக்கு வந்தாள்.

"அப்பா சொன்னதக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் சாமி. கேட்டீங்களா, இல்லையா?"

"கேட்டேம்மா."

"அப்ப எழுதுங்க. நாளைக்கு வர்றேன்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லிராதீங்க."

ஜோஎன் எழுதினான். நாகஹிசா சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. கீழே அவருடைய கைக்குறியைப் பழைய காகிதம் ஒன்றைப் பார்த்து வரைந்தான். மாதம் பதினொன்று, தேதி பத்து என்று கவனமாகப் பின்தேதி போட்டான். மாதத்துக்கும் தேதிக்கும் செலவழித்த கவனத்தில் ஆண்டுப் பெயருக்கு மிச்சமில்லை. ஒரு மாதமாகக் கோயில் காகிதம் ஒவ்வொன்றிலும் புதுப்பெயரை எழுதி எழுதிப் பழகிய கை. ரியாகுனின் என்று எழுதியது.

சொன்ன சொல் உண்மை, காகிதம் பொய். கதை எழுதுகிறவன் பிழைப்பும் இதுதான் என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். பாருங்கள், அடித்தும் போகவில்லை.

4

மோதோயசுவைப் பற்றி ஒரு ஒப்புதல். முதல் வரைவில் அவனுக்குத் தடித்த உதடும் குடிப்பழக்கமும் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அப்பா சொன்ன அன்று அவன் அரண்மனைக் காவல் முறைக்காகக் கியோட்டோ போயிருந்தான். திரும்பி வந்தபோது அப்பாவும் இல்லை, காகிதமும் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று ஒரு காகிதம் முளைக்கிறது. நீங்களாக இருந்தால் நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன்.

உதட்டை எடுத்துவிட்டேன். குடியையும் எடுத்துவிட்டேன். இப்போது அவன்மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. கதைக்கு இது நல்லதல்ல.

5

வழக்கு கியோட்டோவுக்குப் போனது. விசாரணை வந்தபோது ரியாகுனின் என்ற பெயரே செத்துப்போயிருந்தது. மோதோயசு தேதியில் விரலை வைத்தான்.

"என் தங்கச்சி பொய் சொல்றவ இல்லீங்க. ஆனா இந்தக் காகிதம் பொய். எங்கப்பா செத்த அன்னைக்கு இப்படி ஒரு பேரே கிடையாது."

விசாரித்தவர் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜோஎன் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"பத்தாம் தேதியா எழுதுனீங்க? பதிமூணு நாள் கழிச்சு அரண்மனையில வைக்கப்போற பேரு உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுது, சாமி?"

சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொய்ப் பத்திரம் செய்தவர் நிலக்காரர் என்றால் நிலம் போகும், நிலமில்லாத போர்வீரர் என்றால் நாடுகடத்தல். ஜோஎன் போன்ற சாமானியன் என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் முகத்தில் முத்திரை. எழுதிக் கொடுத்தவனுக்கும் அதே குற்றம், அதே தண்டனை. அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. மெய்யான பத்திரத்தைப் பொய் என்று சொன்னவனும் தப்பமுடியாது. கோயில் பழுதுபார்க்க வேண்டும், வசதியில்லை என்றால் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

ஹிமேத்சுரு ஜோஎனின் முகத்தைப் பார்த்தாள். முழு முகத்தையும், ஒரு இடம் விடாமல் பார்த்தாள்.

6

முடிவு ஒன்று. ஜோஎன் நடந்ததை நடந்தபடி சொல்கிறான். அவன் முகம் போகிறது, அவள் நிலம் போகிறது. அப்பாவின் கடைசிச் சொல்லும் அதோடு போகிறது.

முடிவு இரண்டு. காகிதம் உண்மையென்று சொல்லி அவளை ஏமாற்றியது தான்தான் என்கிறான். முகம் அவனுடையது, அவள் தண்டனையில்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்புகிறாள். இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. மேலும், அப்படி ஒருவன் பழியேற்க, ஹிமேத்சுரு வாயை மூடிக்கொண்டு நிற்பாளா? நான் உருவாக்கிய ஹிமேத்சுரு நிற்கமாட்டாள். "நான்தாங்க எழுதச் சொன்னேன்" என்று

முடிவு மூன்று. எழுதியவன் நான். காகிதம் என் மேஜைமேல் இருக்கிறது. ரியாகுனின் என்ற பெயர்மேல் இரண்டு கோடு, பக்கத்தில் காதேய், கோட்டின்மேல் என் சிவப்பு முத்திரை. ஜோஎன் முகம் தப்பியது. அவளுக்கு வயல் கிடைத்தது, நாகஹிசா சொன்னபடியே நடந்தது. அந்த அறையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் மோதோயசு. கோயில் பழுதுபார்க்க வசதியில்லாத அவனை மட்டும் ஊரைவிட்டுத் துரத்துவார்கள்.

கோடு இரண்டையும் போட்டுவிட்டேன். முத்திரை வைக்கக் கை வரவில்லை. எழுதியவனுக்கும் அதே குற்றம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விசாரித்தவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். ஜோஎன் வாயைத் திறந்துவிட்டான். முத்திரையை மை தொட்டு இங்கே வைத்திருக்கிறேன், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில். மை காய்வதற்குள் முடிவு செய்யுங்கள். யார் முகத்தில் என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.